உயரத்தை விட்டு இறங்கியவன்

மகனின் பெட்டிகளைக் கட்டிக் கொடுத்தது யார் என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். அம்மாதான். அழுதுகொண்டே கட்டினாள், கட்டிக்கொண்டே திட்டினாள். மடித்து வைத்த ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு திட்டு விழுந்தது.

இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. அந்த மகன் லிஃப்ட் மெக்கானிக். அவன் மனைவி பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது. ரத்தம் நிற்காததால் அதே நாளில் அவளுடைய கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டி வந்தது. கண் விழித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"எடுக்கச் சொல்லி யாரு சொன்னா?"

"நான்தான்."

"யோசிச்சியா?"

"இல்ல."

அந்த 'இல்ல' என்ற சொல்லோடு அவளால் குடித்தனம் நடத்த முடியவில்லை. முயன்று பார்த்தாள், முடியவில்லை. போன வாரம் வக்கீல் முன்னால் இருவரும் கையெழுத்துப் போட்டாயிற்று. அவன் வேறு ஊரில் வேலை வாங்கிக்கொண்டான். இன்று சாயங்காலம் கிளம்புகிறான்.

அவனுடைய அம்மா, ரிட்டயர்டு நர்ஸ், மகனோடு போகவில்லை. "நான் எங்கயும் வரல. என் மருமக கூடத்தான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டாள். அவன் அதற்கும் உடனே சரி என்றான். மருமகளுக்கு அதுவும் கோபம்தான். எதற்குத்தான் இவன் யோசிப்பான்?

இனி இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

காய்கறிப் பையோடு அவள் திரும்பி வந்தபோது கட்டடத்தின் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கூண்டு இல்லை. மேலே எங்கோ டார்ச் வெளிச்சம் ஆடியது. கூண்டின் தலைமேல் உட்கார்ந்து அவன் கம்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் இரு. இறக்கறேன்" என்றான் மேலேயிருந்து.

"படியில போய்க்கறேன்."

"இல்ல, முடிஞ்சது."

கூண்டு சத்தமில்லாமல் இறங்கி வந்து நின்றது. இத்தனை நாளும் பல்லை நறநறப்பது போலச் சத்தம் போட்ட லிஃப்ட் அது. அவன் பின்பக்கப் படியால் இறங்கி வந்து, கைகளைத் துணியில் துடைத்தான். நெற்றியில் கறுப்பாக ஒரு தீற்றல்.

"அம்மாவுக்கு முட்டி வலி. அடிக்கடி நின்னு போனா கஷ்டம். ரிப்பேர்னா கூப்பிட நம்பர் உள்ள ஒட்டியிருக்கேன். நல்ல ஆளு."

"சரி."

"ரெண்டாவது மாடில மட்டும் லேசா குலுங்கும். பயப்பட வேண்டாம்."

"சரி."

நெற்றியைத் துடைத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. இருவரும் ஒரே கூண்டில் ஏறினார்கள். இரண்டாவது மாடியில் அது லேசாகக் குலுங்கியது. இருவருமே கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சமையலறையில் மாமியார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்ததற்கு அது வசதியான காரணம்.

"மத்தியானம் விளையாடப் போறீங்களாமே ரெண்டு பேரும்?"

"ஆமா அத்தை. இறுதி ஆட்டம். பேர் குடுத்தாச்சு. பாதில விட்டா நல்லா இருக்காது."

"ஓகோ. குடும்பத்தப் பாதில விடலாம். விளையாட்ட விடக்கூடாது."

மருமகள் தக்காளியைக் கழுவினாள்.

"கோவிச்சுக்காத கண்ணு. கிழவி வாய் சும்மா இருக்காது" என்று மாமியார் அவள் முந்தானையில் ஒட்டியிருந்த ஒரு கீரை இலையை எடுத்துப் போட்டாள்.

அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டரில் போர்விமானம் ஓட்டும் விளையாட்டு. சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். கைப்பிடி, கால்மிதி, வேகமானி, உயரமானி எல்லாம் நிஜத்துக்கு நிஜம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், தூக்கம் வராமல் அவன் ஓட்ட ஆரம்பித்தான். ஒரு நாள் அவள் கதவருகே நின்று பார்த்தாள். மறுவாரம் அவளுடைய அறையில் இன்னொரு கைப்பிடி இருந்தது. ஏன் வாங்கினாய் என்று அவள் கேட்கவில்லை. ஹெட்செட்டை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

நடுவில் ஒரு சுவர்தான். சத்தம் போட்டுப் பேசினாலே கேட்கும். ஆனால் அந்த மைக் வழியாக மட்டும்தான் அவர்களுக்குப் பேச வந்தது. அவனுக்கு அங்கே 'லிஃப்ட்டு' என்று பெயர். அவளுக்கு 'பல்லு'. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமா என்று கேட்க முடியாதவர்கள், அங்கே மணிக்கணக்கில் பேசினார்கள். சிரிக்கவும் செய்தார்கள். முதல் தடவை அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டு மாமியார் கையில் கரண்டியோடு ஓடி வந்ததை முன்பே எழுதியிருக்கிறேன்.

அவர்கள் ஓட்டுவது கனமான விமானம். பெரிய எஞ்சின். தலைகுப்புறப் பாய்ந்தால் யாராலும் பிடிக்க முடியாது. ஆனால் திருப்புவதற்கு லாரி மாதிரி இடம் வேண்டும். இறுதி ஆட்டத்தில் எதிரே வரப்போகிற இரட்டையர்கள் ஓட்டுவது இலேசான விமானம். நின்ற இடத்திலேயே திரும்பும். அவர்களுக்கு 'பெரிய தும்பி', 'சின்னத் தும்பி' என்று எல்லாரும் பெயர் வைத்திருந்தார்கள்.

"தும்பியோட சேர்ந்து சுத்தக் கூடாது" என்பான் அவன். "சுத்தினா நம்ம வேகம் போயிடும். வேகம் போனா நாம வெறும் இரும்பு. மேல இரு. பாய்ஞ்சு வந்து ஒரு தடவை சுடு. பட்டாலும் படலன்னாலும் நிக்காத. நேரா போயி, அந்த வேகத்திலயே மறுபடி மேல ஏறிடு."

அவளுக்கு அது கஷ்டமாக இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் எதிரி இருக்கும்போது விட்டுவிட்டுப் போவதா? பல்செட் வேலையில் ஒரு பல் சரியாக உட்காரும்வரை விடாமல் இழைக்கிறவள் அவள். ஆனாலும் கற்றுக்கொண்டாள். பொறுமையில் அவனையே மிஞ்சினாள். ஒருவர் எதிரியைப் பின்னால் இழுத்துக்கொண்டு நேராக ஓடுவது, மற்றவர் மேலிருந்து விழுந்து அந்த எதிரியை அடிப்பது என்ற வித்தையில் அவர்களை வெல்ல ஆளில்லை என்று ஆகியிருந்தது.

மத்தியானச் சாப்பாடு பேச்சில்லாமல் முடிந்தது. அவன் அறையில் கட்டில்கூட இல்லை. மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர் மட்டும் மிச்சம். ஆட்டம் முடிந்ததும் அதையும் கட்டிவிடுவதாக ஏற்பாடு.

அவள் கதவைச் சாத்தி, ஹெட்செட்டை மாட்டினாள்.

"பல்லு, கேக்குதா?"

அந்தக் குரலில் அவன் வேறெங்கும் பேசியதில்லை. அவள் கண்ணை ஒரு தரம் இறுக்கி மூடித் திறந்தாள்.

"கேக்குது லிஃப்ட்டு."

"வழக்கம் போலத்தான். அவசரமே இல்ல. ஏறிட்டே இருப்போம்."

முதல் சுற்றை அவர்கள் ஜெயித்தார்கள். மேகத்துக்கு மேலே வெகுநேரம் காத்திருந்து, தும்பிகள் பொறுமை இழந்து ஏறி வரும்போது வேகம் குறைந்த கணத்தில் அடித்தார்கள். இரண்டாவது சுற்றில் தும்பிகள் விவரமாகிவிட்டார்கள். ஏறி வராமல் தரையை ஒட்டியே பறந்து, பாய்ந்து வந்தவர்களை ஒதுங்கிப் போகவிட்டு, பின்னாலிருந்து சுட்டார்கள். ஆளுக்கொன்று ஆயிற்று.

மூன்றாவது சுற்று தொடங்குவதற்கு முன் சின்ன இடைவேளை. தண்ணீர் குடிக்கும் சத்தம் அவள் காதில் விழுந்தது.

"அங்க சாப்பாடு எப்படி?" என்று கேட்டாள். தானே கேட்டோமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"கம்பெனி கேன்டீன் இருக்காம்."

"உனக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காது."

"பழகிடும்."

அவன் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அம்மாவ பாத்துக்கோ" என்றான்.

"அவங்கதான் என்னைப் பாத்துக்கறாங்க."

"அதான் சொல்றேன். ரெண்டும் ஒண்ணுதான்."

சுற்று தொடங்கியது.

ஏறினார்கள். திரையில் மேகங்கள் கீழே போயின. வெகு கீழே, ஆற்றின் பளபளப்பின் மேல் இரண்டு புள்ளிகள் ஊர்ந்தன.

"சின்னத் தும்பி தனியா வருது" என்றாள். "நான் போறேன்."

"போ. மேல நான் இருக்கேன்."

அவள் மூக்கைக் கவிழ்த்தாள். எஞ்சின் ஊளையிட்டது. புள்ளி விமானமாகி, விமானம் திரையை நிறைத்தது. சுட்டாள். சின்னத் தும்பி கடைசிக் கணத்தில் சருகு போலப் புரண்டது. குண்டுகள் ஓரமாகப் போயின.

நேராகப் போயிருக்க வேண்டும். இரண்டு வருஷமாக அதைத்தான் செய்திருக்கிறாள். ஆனால் தும்பி அவள் கண்ணெதிரே, இதோ, ஒரு கை தூரத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. கைப்பிடியை இழுத்தாள். ஏன் இழுத்தோம் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. இன்று எதையும் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

கனமான விமானம் முனகிக்கொண்டே திரும்பியது. வேகமானியின் முள் சரிந்தது.

"பல்லு, விடு. நேரா போ."

"பிடிச்சிருவேன்."

"விடு."

அதற்குள் எங்கிருந்தோ பெரிய தும்பி அவள் வாலுக்குப் பின்னால் வந்துவிட்டது. முதல் குண்டுகள் இறக்கையில் படபடவென்று விழுந்தன. முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், கையில் வேகமில்லை.

இந்த நிலைமையில் என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் பலமுறை பேசியிருக்கிறார்கள். மேலே இருப்பவர் இறங்கக் கூடாது. கீழே மாட்டியவர் போனால் போகட்டும். மேலே இருப்பவருக்கு உயரம் இருக்கிறது, கீழே தும்பிகளுக்குக் குண்டு தீர்ந்துகொண்டிருக்கும். காத்திருந்தால் தனியாளாகவே ஜெயிக்கலாம்.

"நான் போயிட்டேன்" என்றாள் அவள். "நீ இறங்காத. அங்கயே இரு. ஜெயிச்சிடலாம்."

இறக்கையில் மறுபடி குண்டுகள் விழுந்தன.

"லிஃப்ட்டு, கேக்குதா? இறங்காத."

"இறங்கறேன்."

"வேண்டாம். தோத்துடுவோம்."

"தெரியும்."

மேகத்தைக் கிழித்துக்கொண்டு அவன் விழுந்தான். அவ்வளவு செங்குத்தாக அவன் ஒருநாளும் பாய்ந்ததில்லை. பெரிய தும்பி விலகி ஓடியது. ஆனால் அவன் நேராகப் போய் ஏறவில்லை. அவள் பின்னாலேயே நின்றான். தும்பிகளோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தான். எதைச் செய்யாதே என்று அவளிடம் சொன்னானோ அதையே செய்தான்.

"இப்ப நீ போ" என்றான். "நேரா. பின்னால பாக்காத. வேகம் வந்ததும் ஏறிடு."

அவள் போனாள். முள் ஏறியது. ஆறு, மரங்கள், வயல் எல்லாம் கீழே வழுக்கின. பின்னால் இரண்டு தும்பிகளும் அவனைச் சுற்றிக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் போனால் உயரம் கிடைத்துவிடும். உயரம் கிடைத்தால் ஆட்டம் அவள் கையில்.

"அடி பட்டுடுச்சு" என்றான் அவன், மெதுவாக. "நீ போயிட்டே இரு. நல்லா போற."

அவள் விமானத்தைத் திருப்பினாள்.

"எதுக்கு வர்ற? வராத."

"சும்மா இரு."

அவள் வந்து சேர்வதற்குள் அவன் திரை இருண்டுவிட்டது. சிறிது நேரத்தில் அவளுடையதும் இருண்டது. 'அருமையான ஆட்டம், நன்றி' என்று தும்பிகள் எழுதியது திரையின் ஓரத்தில் வந்து போயிற்று.

அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

"ஏன் இறங்கின?" என்று கடைசியில் அவள் கேட்டாள்.

"நீ ஏன் திரும்பி வந்த?"

அவள் இருண்ட திரையையே பார்த்தாள்.

"நல்லா விளையாடின, பல்லு" என்றான். ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

அவளும் கழற்றப் போனாள். அப்போது காதில் இன்னொரு குரல் விழுந்தது. அவன் மைக்கை அணைக்கவில்லை.

"தோத்துட்டீங்களா?" மாமியாரின் குரல்.

"ம்."

"அழறியா?"

"இல்லம்மா."

"பெத்தவகிட்டயே பொய் சொல்லு." நாற்காலி இழுபடும் சத்தம். "போதும்டா. என்னால தாங்க முடியல. நான் அவகிட்ட சொல்லிடறேன்."

"அம்மா, மெதுவா பேசு."

"டாக்டர் வெளிய வந்து கேட்டப்போ நீ வாயே தொறக்கல. செவுத்தப் பிடிச்சிட்டு நின்ன. உனக்குக் காதே கேக்கல. நான்தானடா எடுத்துடுங்கன்னு சொன்னேன். எத்தனை பிரசவம் பாத்திருக்கேன், அந்த ரத்தம் எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அவளும் போயிருப்பா."

"நீ சரியாத்தான் சொன்ன."

"அப்பறம் எதுக்கு உன் தலைல போட்டுக்கிட்ட?"

சுவருக்கு இந்தப் பக்கம் அவள் ஹெட்செட்டை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"கண்ணு முழிச்சு கேட்டப்போ, அவ யாரு கையப் பிடிச்சிட்டு இருந்தா? உன் கைய. அவளுக்குப் பெத்த அம்மா இல்ல. அந்த நேரத்துல நீதான் எடுக்கச் சொன்னன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? என்னை வெறுத்தா அவ போயி அழ நீ இருக்க. உன்னை வெறுத்தா யார்கிட்ட போவா?"

"யோசிக்கலன்னு வேற சொன்னியே, பாவி."

"நின்னுட்டே இருந்தேன், எதுவும் சொல்லலன்னு சொல்றத விட அது நல்லா இருந்துச்சு."

அம்மா விம்முவது கேட்டது.

"அவகிட்ட சொல்ல மாட்டேன்னு சொல்லும்மா. நான் போன பிறகும்."

"சரி."

"சத்தியமா?"

"சரின்னு சொன்னேன்ல. ஆனா அதுக்கப்பறம் நீ தனியா போயி அந்த டாக்டர்கிட்ட கேட்டியே, அதையாவது..."

டக்கென்று ஒயர் பிடுங்கப்பட்டது. கம்ப்யூட்டரைக் கட்டத் தொடங்கிவிட்டான் போலிருக்கிறது. பிறகு அவள் காதில் எதுவும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. சாமான் ஏற்ற வந்தவர்களின் பேச்சு, அட்டைப்பெட்டி தரையில் உரசும் சத்தம், லிஃப்ட் கதவு திறந்து மூடும் சத்தம் எல்லாம் தூரத்தில் எங்கோ நடந்தன. இரண்டு வருஷம். எத்தனை இரவுகள் அவன் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்தாள். 'நீயெல்லாம் மனுஷனா' என்று ஒருநாள் கேட்டாள். அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

கதவு தட்டப்பட்டது. அவன் நின்றிருந்தான். நெற்றியில் அந்தக் கறுப்புத் தீற்றல் இன்னும் இருந்தது.

"கிளம்பறேன்."

அவள் எழுந்தாள். இரு என்று சொன்னால் போதும். இரண்டே எழுத்து. சொன்னால் ஏன் என்று கேட்பான். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தக் கிழவியின் முகத்தில் அவன் எப்படி விழிப்பான்? இரண்டு வருஷம் தன்னையே கொடுத்து அவன் காத்த ஒன்றை, ஒரே சொல்லில் உடைத்துவிடலாமா?

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அன்னைக்கு யோசிச்சியா?"

அவன் அவளை நேராகப் பார்த்தான். கண் இமைக்கவில்லை.

"இல்ல" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். கிட்டே போய், தன் முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தாள். எண்ணெய்க் கறை. முழுசாகப் போகவில்லை. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். அவள் கை இறங்கியதும் திரும்பி நடந்தான்.

ஜன்னலிலிருந்து பார்த்தாள். வேனின் பின்கதவைச் சாத்திவிட்டு முன்னால் ஏறினான். மேலே பார்க்கவில்லை. வேன் நகர்ந்து, தெருமுனையில் வழிக்காகக் காத்து நின்றது. ஓடினால் பிடித்துவிடலாம். கால்கள் வாசலுக்குத் திரும்பின.

வாசலில் மாமியார் நின்றிருந்தாள். அழுது வீங்கிய முகம். ஒரு கையால் நிலையைப் பிடித்திருந்தாள்.

"போயிட்டான் கண்ணு."

"தெரியும் அத்தை."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பான்."

அவளுக்குத் தாங்கவில்லை. அவனுக்காக மறைக்க வேண்டும் என்று எடுத்த முடிவு அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்து போயிற்று. மாமியாரின் தோளைப் பிடித்து, கட்டிலில் உட்கார வைத்து, எதிரே தரையில் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அந்தக் கைகள்தான் ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தலைவாரி விட்டவை. அந்த வாய்தான் 'எடுத்துடுங்க' என்று சொல்லி அவளைப் பிழைக்க வைத்தது. அழுகை மட்டும்தான் வந்தது, நிற்காமல்.

"மைக் அணைக்கல அத்தை. எனக்குக் கேட்டுடுச்சு."

கிழவியின் முகம் வெளுத்தது.

"எது?"

"நீங்க டாக்டர்கிட்ட சொன்னது. அவன் தன் தலைல போட்டுக்கிட்டது."

"அதுக்கப்பறம்?"

"அப்பறம் ஒயரப் பிடுங்கிட்டான்."

தெருவில் வேன் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. மாமியார் கையை நீட்டி மருமகளின் ஈரக் கன்னத்தைத் தொட்டாள்.

"அப்படின்னா நீ பாதிதான் கேட்டிருக்க, கண்ணு."